ஒரே ஒரு பாதாம்

“ஏங்க, அந்த ராதிகாவும் வர்றாளா?”

“மேனேஜர் ரெண்டு குடும்பத்தையும்தான் கூப்பிட்டிருக்காரு.” வாசு காரை வில்லா வாசலில் நிறுத்தினான்.

“நல்லா இருக்கே! வேலையை விட்டுத் தூக்குறதுக்கு முன்னாடி விருந்து வேறயா?” என்றாள் சந்திரகலா.

அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. அது 2008 டிசம்பர். வளைகுடாவில் பாதிக் கட்டடங்கள் அப்படி அப்படியே நின்றுபோக, ராஸ் அல் கைமா தொழிற்சாலையில் டைல்ஸ் வாங்க ஆளில்லை. சூளைப் பிரிவில் இரண்டு இன்ஜினியர்கள் எதற்கு, ஒருவர் போதும் என்று உத்தரவு வந்துவிட்டது. வாசுவா, சுரேஷ்குமாரா? முடிவு செய்ய வேண்டியவர் மேனேஜர் ஹெய்க்கி, பின்லாந்துக்காரர். வேலை போனால் விசாவும் போகும். வாசுவின் மகள் ஹர்ஷினிக்கோ மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பரீட்சை; படிக்க வேண்டுமென்று இன்று வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

“உள்ள வந்து, ‘சுரேஷே இருக்கட்டும் சார்’னு எதையாவது உளறி வைக்காதீங்க. உங்க இளகின மனசு எனக்குத் தெரியும்.”

வாசு இறங்கிப் போய் அழைப்பு மணியை அழுத்தினான்.

ஹெய்க்கியும் அவர் மனைவி ஐனோவும் கதவைத் திறந்தார்கள். இருவர் காலிலும் செருப்பில்லை. வந்தவர்களையும் கழற்றிவிட்டு வரச் சொன்னார்கள்.

“வெள்ளைக்காரங்க வீட்லயும் செருப்பை வாசல்ல விடுறாங்களே!” சந்திரகலா வாயைப் பிளந்தாள். அது ஆரம்பம்தான்.

வேலைக்காரர் என்று ஒருவரும் இல்லை. அவ்வளவு பெரிய மேனேஜர் ஏப்ரன் கட்டிக்கொண்டு தானே பாத்திரங்களைத் தூக்கி வந்தார். கறுப்பு ரொட்டி, மசித்துச் சுட்ட கேரட், பீட்ரூட் சாலட். கூடவே, மெல்லிய மாவுக்குள் சோற்றை வைத்துச் சுட்ட ஒரு பலகாரம்.

“கொழுக்கட்டைக்குள்ள சோறா? அடேயப்பா!”

தண்ணீருக்குப் பதில் பால் குடித்தார்கள். யாரும் யாரையும் ‘இன்னும் கொஞ்சம்’ என்று வற்புறுத்தவில்லை. வேண்டியதை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டார்கள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் அந்த அமைதி சந்திரகலாவுக்குக் கோயிலுக்குள் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

எதிரே ராதிகா, ஏழு மாத வயிற்றோடு. பக்கத்தில் அவள் கணவன் சுரேஷ்குமார். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்ப்பதைத் தவிர்த்தார்கள்.

கடைசியில் ஐனோ சமையலறையிலிருந்து ஆறு கிண்ணங்களைக் கொண்டு வந்து வைத்தாள். பாலில் குழைய வெந்த அரிசி. மேலே பட்டைத்தூள்.

“அட, நம்ம பாயசம்!” என்றாள் ராதிகா.

“இந்த ஆறில் ஒரு கிண்ணத்தில் மட்டும் ஒரு பாதாம் இருக்கிறது,” ஹெய்க்கி ஆங்கிலத்தில் சொன்னார். “எங்கள் ஊர் கிறிஸ்துமஸ் வழக்கம். யாருக்குக் கிடைக்கிறதோ, வரும் வருஷத்து அதிர்ஷ்டமெல்லாம் அவருக்கு. கிடைத்ததும் சொல்லிவிட வேண்டும்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் கரண்டியை எடுத்த கைகள் விளையாட்டாக எடுக்கவில்லை.

‘பிள்ளையாரப்பா, எங்களுக்குக் குடுத்துரு!’

மூன்றாவது வாயிலேயே சந்திரகலாவின் நாக்கில் வழவழவென்று ஏதோ தட்டியது. பாதாம்! அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கேட்டு வாய் மூடவில்லை, கொடுத்துவிட்டானே!

சொல்லிவிடலாம் என்று நிமிர்ந்தாள்.

எதிரே ராதிகா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, உதட்டை இறுக மூடிக்கொண்டு வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. சுரேஷ்குமார் தலையே நிமிரவில்லை.

‘ஐயோ பாவம், கிடைக்கலைன்னு தெரிஞ்சுபோச்சு. இந்த வயித்தோட இவ எங்க போய் நிப்பா?’

‘எனக்குத்தான்’ என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல அவளால் முடியவில்லை. பாதாமைக் கடிக்காமல், சத்தம் காட்டாமல் விழுங்கினாள். பிள்ளையாரப்பா, அவளுக்கே வச்சிரு. வாசு இது எதுவும் தெரியாமல் பேப்பரால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

கிண்ணங்கள் காலியாயின.

“யாருக்குக் கிடைத்தது?” என்றார் ஹெய்க்கி.

யாரும் பேசவில்லை.

“ஒருவருக்குமா இல்லை?”

“பாத்திரத்திலேயே தங்கியிருக்கும் சார்,” என்றான் சுரேஷ்குமார்.

“ஆமா சார், அப்படித்தான் இருக்கும்,” என்றான் வாசு அவசரமாக.

“இருக்கும், இருக்கும்,” என்று ஹெய்க்கியும் தலையாட்டினார்.

ஐனோ ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவளின் கண்கள் நிறைந்துவிட்டன.

“ஹெய்க்கிக்குக்கூடத் தெரியாது,” என்றாள் மெதுவாக. “இன்றைக்கு யாரும் ஏமாந்து போகக் கூடாது என்று, நான் ஆறு கிண்ணத்திலும் ஒவ்வொரு பாதாம் போட்டிருந்தேன்.”