கணவாயில் நிற்கும் ஓனி

"வழியே இல்லையேம்மா! எந்தப் பக்கம் போனாலும் இந்தக் கொம்பன் மறிச்சுக்கிட்டு நிக்கறானே!"

ஹிராமட்சு மேசையைத் தட்டினார். தட்ட ஒரு கைதான் காலியாக இருந்தது. இன்னொரு கையின் விரல்கள் எல்லாம் அச்சுப்படியின் பக்கங்களுக்குள் மாட்டிக்கொண்டிருந்தன. கதையில் செத்துப்போனால் பழைய இடத்துக்கே திரும்பி வர, இந்த மாதிரிப் புத்தகம் படிப்பவர்கள் செய்யும் திருட்டு வேலை அது. தலைமை ஆசிரியரான அவரும் அதையேதான் செய்துகொண்டிருந்தார்.

டோக்கியோவில் புத்தகக் கடைகள் நிறைந்த தெருவில், ஒரு மாடியில் இருந்தது அந்தப் பதிப்பகம். 'கதவைத் திறந்தால் 12ஆம் பகுதிக்குப் போ, ஓடினால் 40க்குப் போ' என்று வாசகனே பகடை உருட்டி வழி தேடும் சாகசப் புத்தகங்கள் அந்த வருஷம் சுடச்சுட விற்றன. இந்தப் புத்தகத்தை எழுதிய உதவி ஆசிரியை மினெகிஷி, அவர் எதிரே தலையைக் குனிந்து நின்றாள். சாயந்தரம் அச்சகத்திலிருந்து ஆள் வந்துவிடுவான்.

"மத்ததெல்லாம் பிரமாதம்மா. ஆத்துல பூதம் காலைப் புடிச்சு இழுக்குது, நரி பொண்ணு வேஷம் போட்டு வருது, பழைய குடை ஒத்தைக் கால்ல குதிக்குது. எனக்கே புல்லரிச்சுப் போச்சு. ஆனா மலைக் கணவாய்ல தடியை வச்சுக்கிட்டு நிக்கறானே ஒரு ஓனி, அவன் அரக்கனா இருந்துட்டுப் போகட்டும், அதுக்காக மனசாட்சியே வேண்டாமா?"

"அப்படி என்ன பண்ணிட்டாங்க ஐயா?"

"என்ன பண்ணானா? நம்ம ஆளு புதையல் தேடியா போறான்? மலைக்கு அந்தப் பக்கம் அம்மா படுத்த படுக்கையா கெடக்கறா. ஊர்த் திருவிழா வேலைக்கு நடுவுல ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறேங்கறான். அதுக்கு இவன், 'திருவிழா முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்'ங்கறான். உடனே, ஒண்ணாம் பகுதிக்கே திரும்பிப் போ!"

பக்கத்து மேசை தோபே தேநீரை உறிஞ்சுவதை நிறுத்தினான். அவன் தோள்கள் ஏனோ குலுங்கின.

"சரி, கெஞ்சிப் பார்ப்போம்னு 37க்குப் போனேன். 'உனக்கு மட்டுந்தான் அம்மா இருக்காளா? மத்தவங்க எல்லாம் வானத்துல இருந்தா குதிச்சாங்க?'ன்னு கேக்கறான். திமிரு! மறுபடியும் ஒண்ணாம் பகுதி. ஊறுகாய் குடுத்தாவது தாஜா பண்ணலாம்னு பார்த்தா, அதையும் வாங்கித் தின்னுட்டு, 'ருசியாத்தான் இருக்கு, போய் வேலையைப் பாரு'ங்கறான். வெக்கம் கெட்டவன்!"

சொல்லிக்கொண்டே ஹிராமட்சு, மினெகிஷி ஊரிலிருந்து வரவழைத்துக் கொடுத்திருந்த புகைபோட்ட முள்ளங்கி ஊறுகாயில் ஒரு துண்டை எடுத்து நறுக்கென்று கடித்தார். அவருடைய கோபம் நிஜமானது. எந்தக் காட்டிலும் ஒரு வழியாவது இருக்க வேண்டும் என்பது இந்தப் புத்தக வரிசையைத் தொடங்கிய நாளில் அவரே போட்ட சட்டம்.

"அவனைப் பகடை போட்டுக் கொல்லலாமான்னும் பார்த்தேன். அதுக்கும் வழி வைக்கலை நீ. இதைப் படிக்கிற புள்ளைங்க புத்தகத்தைத் தூக்கி ஜன்னல் வழியா எறிஞ்சுடும். நானா இருந்தா உன்னையும் சேர்த்து எறிவேன். இப்பவே மாத்து!"

"எப்படி மாத்தணும்னு ஐயாவே சொல்லிடுங்க." மினெகிஷி பென்சிலை எடுத்துக்கொண்டாள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? 'போயிட்டு வாப்பா, அம்மாவைப் பாரு'ன்னு ஓனி சொல்லணும். அவ்வளவுதான்."

"ரொம்ப கெஞ்சினப்புறமா?"

"முத தடவை கேட்டப்பவே சொல்லணும்! அம்மாவைப் பார்க்கறதுக்கு ஒருத்தன் கெஞ்சணுமா? என்ன நியாயம்மா இது?"

"திருவிழா வேலை கெட்டுப்போயிடுமே ஐயா."

"கெட்டா கெட்டுட்டுப் போகுது! அவன் ஒருத்தன் இல்லைன்னா திருவிழா நின்னுடுமா? மத்தவங்க பார்த்துக்க மாட்டாங்களா?"

தோபே இப்போது தலையை மேசைக்கடியில் கொண்டுபோய்விட்டான். அந்த அறையில் வேறு யாரும் நிமிரவில்லை. மினெகிஷி சொன்னபடியே திருத்தி எழுதி, அச்சுப்படியை மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினாள். ஹிராமட்சு படித்தார். நெஞ்சு குளிர்ந்தது. ஒப்புதல் முத்திரையை எடுத்துச் சிவப்பாக ஒரு குத்து குத்தினார்.

"இப்பத்தான் இது கதை! போ, அச்சுக்கு அனுப்பு."

அந்த வேலையை அவள் தோபேயிடம் விட்டாள். அச்சுப்படியை அவன் மேசையில் வைத்துவிட்டு, நாற்காலிக்கடியிலிருந்து ஒரு பயணப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அப்ப நான் ஊருக்குக் கிளம்பறேன் ஐயா, அகிதா ரயிலைப் பிடிக்கணும். அம்மாவுக்கு நாளைக்கு ஆபரேஷன்."

"என்னது? இந்த நேரத்துலயா? புத்தகம் முடியட்டும், அப்புறம் பார்க்க..."

ஹிராமட்சுவின் கண், தோபேயின் மேசையில் தான் குத்திய சிவப்பு முத்திரைமேல் போய் நின்றது.

மினெகிஷி இடுப்பு வரை குனிந்து வணங்கினாள். "வசந்தத்துல இருந்து நீங்க என்கிட்ட சொல்ற வார்த்தைதான் ஐயா. 'புத்தகம்'ங்கறதை 'திருவிழா'ன்னு மாத்தினதுதான் என் கற்பனை, ஓனி பேசற மத்ததெல்லாம் நீங்க பேசினதுதான்."