ஒற்றைச் செருப்பு

முதல் வரியிலேயே இவள் வலது கால் கூசியது.

"மேலத்தெருவில் அன்று சாயங்காலம் இடது கால் செருப்பு ஒன்று கிடந்தது."

புத்தகக் காட்சியில் உலகத்தில் பாதிப் பேர் இருந்தார்கள். மீதிப் பாதி வெளியே டெல்லி அப்பளத்துக்கு வரிசையில் நின்றது. அத்தனை இரைச்சலும் அந்த வரியில் செத்துப்போனது.

"முதல் பக்கத்தைப் புரட்டினவங்க யாரும் கீழ வச்சதில்லம்மா," என்றார் கடைக்காரர். "உரிமைப் போராட்ட வரலாறுன்னுதான் எடுப்பாங்க. பேய் புடிச்ச மாதிரி நின்னுருவாங்க."

இவளும் நின்றாள்.

செருப்புப் போட்டு அந்தத் தெருவைக் கடப்பது என்று சேரிச் சனம் முடிவெடுத்த நாள். கல் பறந்தது. ஒரு சிறுமி எழுந்திருக்கவே இல்லை.

"இன்னொரு செருப்பு கடைசிவரை கிடைக்கவில்லை. அவள் பெயரும்."

கிடைக்காமல் என்ன?

அது அன்றைக்கே வீட்டுக்கு ஓடி வந்தது. இவள் வலது காலில்.

வீட்டுக்கே ஒரு ஜோடிதான். அவளுக்கு இடது, இவளுக்கு வலது. நொண்டியடித்துக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் இரண்டு பேரும் தெருவில் இறங்கினார்கள்.

அவள் திருவிழாவுக்கு விருந்தாடி வந்தவள். கூட்டி வந்த சனம் அன்றைக்கே ஊரைவிட்டுப் போனது. பெயர் சொல்ல யார் இருந்தார்கள்?

இவள் இருந்தாள். சொல்லவும் செய்தாள். ஆனால் கிணற்றுக்குள் புலி நீந்தியதையும், சூறைக்காற்றில் ஆடு பறந்துபோய்ப் பக்கத்து ஊரில் குட்டி போட்டதையும் சொன்ன அதே வாய்.

புலியைக்கூட நம்பினார்கள்.

செருப்பை நம்பவில்லை.

புத்தகத்தை எழுதியவர் பக்கத்து மேசையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இவள் முறை வந்தது. கூட வந்த மருமகள் காதோரம் கிசுகிசுத்தாள்: "அத்தை, அவர்கிட்டயாவது அளக்காம வாங்க."

"யார் பேருக்கும்மா எழுதணும்?"

இவள் அந்த முதல் பக்கத்தை விரித்து வைத்தாள். அந்த வரிக்கு மேலே, வெறுமையாக இருந்த இடத்தில் விரலை ஊன்றினாள்.

வாயைத் திறந்தாள். புலி வரவில்லை. ஆடு பறக்கவில்லை.

"இருளாயி."

"இருளாயிக்கு, அன்புடன்" என்று எழுதினார். நல்ல கையெழுத்து.

மை காயும்வரை இவள் நகரவில்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது. மேசைக்கடியில் இவள் கால் மட்டும் கொஞ்சம் அசைந்தது.

இவள் நொண்டுவதை வாசலில்தான் மருமகள் பார்த்தாள்.

"ஐயையோ, இடது கால் செருப்பு எங்கத்தை?"

இவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அவகிட்ட இருக்கு."