நான்காவது மூச்சு

அந்தக் காருக்குச் சாவி, வீட்டாரின் மூச்சுதான். புது மருமகளின் மூச்சையும் பதிந்துவிட, தனபால் குடும்பத்தோடு சாவிக்கடைக்கு வந்திருந்தார்.

கடைக்காரர் திரையைப் பார்த்தார். "ஏற்கெனவே நாலு மூச்சு இருக்குதுங்க. புதுசா ஒண்ணு சேக்கோணும்னா அந்த நாலு பேரும் உள்ள உட்கார்ந்து மறுபடி ஊதோணும். வராதவங்கள வண்டி மறந்துரும்."

"நானு, சம்சாரம், பையன். நாங்க மூணு பேருதான்" என்றார் தனபால். நான்காவது, சாதி மாறிக் கட்டிக்கொண்டு போன மகள் யாழினி.

மனைவி திலகாவும் காருக்குள் ஏறி உட்கார்ந்தாள். ஊதச் சொன்னபோது ஊதினாள்.

வெள்ளிக்கிழமை, கோயிலுக்கென்று சொல்லி காரை எடுத்துப் போனாள். வழக்கம்போல வேப்பமரத்தடியில் நிறுத்தினாள். வழக்கம்போல யாழினி வந்து கதவருகே குனிந்து ஊதினாள். வாரம் ஒருமுறை தாயும் மகளும் பேசிக்கொள்வது அந்தக் காருக்குள்தான்.

கதவு திறக்கவில்லை. சைரன் அலறியது. உடனே திலகாவின் போன் அடித்தது. தனபால்.

"வண்டிகிட்ட வெளியாள் நிக்கறதா என் போன்ல வருது. ஆரு அது?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாழினி மறுபடி மறுபடி ஊதிக்கொண்டிருந்தாள்.

"ஆரோ வழி கேக்கறாங்க" என்றாள் திலகா.