வாய்க்குத் தெரிந்த அம்மா

பிறந்த மூன்றாம் நாளே தத்தெடுத்த, இப்போது ஆறு மாதமான மகளைத் தூக்கிக்கொண்டு, பூரணியும் கணவன் இசக்கிராஜும் தென்காசி மருத்துவமனைக்கு வாய்ச் சோதனைக்குப் போனார்கள். வீட்டார் எச்சிலையும் குழந்தையின் எச்சிலையும் கொடுத்தால், அந்தச் சின்ன வாயில் குடியேறிய நுண்ணுயிர்கள் யாரிடமிருந்து வந்தவை என்று இயந்திரம் கூடத்துக்கே கேட்கும்படி சொல்லிவிடும். தாய் தெரியவில்லை என்று சொல்லிவிடுமோ என்று பூரணி பயந்துகொண்டிருந்தாள்.

"இந்த வாயின் தாய், பூரணி," என்றது இயந்திரம்.

"மெஷின் தப்பாச் சொல்லுது. நான் பெக்கலையே," என்றாள் அவள் நர்ஸிடம்.

"பெத்தது யாருன்னு அதுக்கு எதுக்குக்கா? ஆறு மாசமா முத்தம் குடுத்தது நீங்கதான? உங்க கிருமியோட சண்டை போடக் கூடாதுன்னு இவ ஈறு கத்துக்கிட்டுது."

பூரணி அழுதுகொண்டே சிரித்தாள்.

"என் பேரு வரவே இல்லையே?" என்றான் இசக்கிராஜ்.

நர்ஸ் அவனுடைய அடர்ந்த மீசையைப் பார்த்தாள். "பிள்ளை உங்களக் கிட்ட வர விடுதாளா?"

குத்துகிறதென்று குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்வது உண்மைதான். திரும்பும் வழியில் முதல் சலூனைக் கண்டதுமே இசக்கிராஜ் வண்டியை நிறுத்தினான்.