இரண்டாவது வெடி

"உயிருக்குச் சேதம் கிடையாது சார். கண்ணு போகாது, காது போகாது, ஒரு கீறல்கூட விழாது. சத்தம் மட்டும்தான். கூட்டம் தன்னால கலைஞ்சு ஓடிரும்" என்றார் சண்முகவேல்.

பந்தலுக்குள் உட்கார்ந்திருந்த போலீஸ் அதிகாரி காசிராஜன் மோர் டம்ளரை வாங்கிக்கொண்டார். "முதல்ல ஓடுறதைக் காட்டுங்க அண்ணாச்சி. அப்புறம் ஆர்டரைப் பேசுவோம்."

ஆமத்தூரைத் தாண்டிய கரிசல் பொட்டல் அது. பந்தலுக்குப் பின்னால், அதே ரோட்டில் கொஞ்ச தூரம் தள்ளியிருந்த தம் பட்டாசுக் கம்பெனிக்குச் சண்முகவேல் அன்று லீவு விட்டு, வேலையாட்களையே கலவரக் கூட்டமாகக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். ரிமோட்டில் பறக்கும் குட்டி ஹெலிகாப்டர் ஒன்று அவர்கள் தலைக்கு மேலே வந்து வெடியைப் போட வேண்டும். இரண்டாயிரத்து எட்டில் அப்படியொரு மிஷினை அந்தப் பக்கம் யாரும் கண்டதில்லை. அதை ஓட்டுகிற கதிரவன், தூரத்துக் கருவேலம் புதர்களுக்குப் பின்னால் இருந்தான்.

வெடி, மகள் ஹர்ஷினியின் கண்டுபிடிப்பு. எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவள். 'பொட்டப்பிள்ளைக்கு எதுக்கு வெடிமருந்து வாசம்?' என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு ஜாதகத்தோடு படியேறியபோது, அப்பாவும் மகளும் பந்தயம் கட்டிக்கொண்டார்கள். இந்த ஆர்டர் கிடைத்தால் கம்பெனி அவள் கையில். கிடைக்காவிட்டால் மறுபேச்சில்லாமல் கல்யாணம். தாம் தோற்றுவிட வேண்டும் என்று சண்முகவேல் காலையில் கோயிலில் வேண்டிக்கொண்டுதான் வந்திருந்தார்.

ஹெலிகாப்டர் வந்தது. பளிச்சென்று ஒரு வெளிச்சம். டமார்!

காசிராஜன் மோரைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். பொட்டலில் நின்றவர்களில் ஒருவர்கூட அசையவில்லை. செல்லச்சாமி சாவகாசமாகப் பீடியைப் பற்ற வைத்தார்.

"அம்புட்டுத்தானா மொதலாளி?" என்றாள் மாரித்தாய், வெற்றிலையை மடித்தபடி.

"நானே ஓடியிருப்பேன், இவங்க நிக்கிறாங்களே!" என்றார் காசிராஜன்.

"சிவகாசிப் பக்கத்து ஆளுக சார். வெடிச்சத்தம் கேட்டுத்தான் தூங்கவே செய்வாக."

"இவங்களை ஓட வச்சுக் காட்டுங்க. இவங்களே ஓடினா எந்த ஊர்க் கூட்டமும் ஓடும். அப்ப ஆர்டர் உங்களுக்குத்தான்."

சண்முகவேல் கம்பெனிக்குப் போன் போட்டார். "பாப்பா, சத்தம் பத்தலைங்காக. கொஞ்சம் கூட்டிப் போட்டு இன்னொண்ணு குடுத்து விடு."

"முனியராஜ் அண்ணன் வண்டியோட இங்கனதான் நிக்காக. நானே மருந்தை அடைச்சுக் குடுத்து விடுதேன். அந்த ஆபீசரை மட்டும் போக விட்டுராதீகப்பா!" சிரித்துக்கொண்டே போனை வைத்தாள் ஹர்ஷினி.

காத்திருந்தார்கள். வெயில் ஏறியது. காக்கா குருவிகூடக் கண்ணில் படவில்லை. புதர்களுக்குப் பின்னால் மிஷின் உறுமத் தொடங்கியதும், சண்முகவேல் நாற்காலியில் இருந்தபடியே வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

காதுக்குத் தெரியும் முன்பே காலுக்குத் தெரிந்தது. தரை ஒருமுறை குலுங்கியது. அதன் பிறகுதான் சத்தம். பந்தலின் பின்பக்கத் துணி உள்ளே உப்பி, மெல்ல அடங்கியது.

பொட்டலில் நின்ற யாரும் வானத்தைப் பார்க்கவில்லை. செல்லச்சாமியின் வாயிலிருந்து பீடி விழுந்தது. அடுத்த நொடி மொத்தக் கூட்டமும் ஓடி வந்தது. பந்தலைச் சுற்றிக்கொண்டு, நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு, ரோட்டுப் பக்கம் பாய்ந்தது. அத்தனை பேர் ஓடியும் ஒரு குரல் எழவில்லை. மூச்சு வாங்குவது மட்டும்தான் கேட்டது.

மாரித்தாய் மட்டும் நின்றாள். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக முதலாளியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எந்திரிங்க மொதலாளி... எந்திரிச்சு வாங்க!"

"போ தாயி, எனக்கு ஒண்ணும் ஆகாது" என்று சிரித்தார் சண்முகவேல்.

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். முடியாமல், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு ஓடினாள்.

"உங்களையும் காப்பாத்தப் பாக்குது அந்தம்மா! பிரமாதம் அண்ணாச்சி!" காசிராஜன் கையை நீட்டினார். "ஆனா, ஏன் ஒருத்தர்கூடக் கத்தலை?"

"பயந்தா வாயடைச்சுப் போகும்ல சார்."

"ஆர்டர் உங்களுக்குத்தான்."

சண்முகவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. தோற்றதில் இத்தனை சந்தோஷம் இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை. மகளுக்குப் போன் போட்டார். யாரும் எடுக்கவில்லை.

"சத்தம் அங்கன வரைக்கும் கேட்டிருக்கும் சார். சந்தோசத்துல கெளம்பி வந்துக்கிட்டிருப்பா" என்றார்.

புதர்ப் பக்கமிருந்து கதிரவன் வந்தான். காதில் அடைத்திருந்த பஞ்சை எடுத்தபடி, செருப்புகள் மட்டும் சிதறிக் கிடந்த பொட்டலைப் புரியாமல் பார்த்தான்.

"என்ன அண்ணாச்சி, ஆளுகளை அனுப்பிட்டீகளா? நான் மிஷினை ஓட விட்டுக்கிட்டு எம்புட்டு நேரமாக் காத்துக் கெடக்கேன்... முனியராஜ் இன்னும் வெடியைக் கொண்டு வந்து சேக்கலையே?"