முற்றத்துக் காற்று

நூற்றுப் பதினேழாவது கடிதமும் காற்றைப் பற்றித்தான் இருந்தது.

"அக்கா, பேய் வந்தா வரட்டும். முற்றத்துல ஒரு காத்து அடிக்குதே, அத மட்டும் நிறுத்துங்க. குளிக்கப் போகக்கூட இப்ப எனக்குத் துணை தேவைப்படுது" என்று தலைநகர் அக்ராவிலிருந்து ஒரு கல்லூரி மாணவன் எழுதியிருந்தான்.

செர்வாவுக்குப் புரியவில்லை. மூன்று வருடம் தனி ஆளாக உட்கார்ந்து செய்த கணினி விளையாட்டு. மூடிக்கிடக்கும் ஒரு விடுதிப் பள்ளி, பதினோரு கதவுகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பயம். ஒவ்வொன்றையும் அவள் அளந்து வைத்திருந்தாள். முற்றத்தில் மட்டும் எதையும் வைக்கவில்லை. ஆடுகிறவர்கள் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்ட இடம் அது.

அங்கேதான் எல்லோரும் பயந்தார்கள்.

லாகோஸில் ஒருத்தி முற்றத்தைக் கடக்க முடியாமல் விளையாட்டையே அழித்துவிட்டாளாம். அந்தக் காற்றை எங்கே பதிவு செய்தீர்கள் என்று பலர் கேட்டிருந்தார்கள். அந்தக் கேள்விக்கு மட்டும் அவள் யாருக்கும் பதில் எழுதவில்லை.

எதிரே ஒபெங் மாமா உட்கார்ந்திருந்தார். அவள் அம்மாவின் அண்ணன். குடும்பத்தின் சார்பில் வந்திருந்தார்.

அவள் ஊரான குமாசியில், வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டும். பிறகு, வந்த விஷயம் என்ன என்று கேட்க வேண்டும். கேட்கும்வரை வந்தவர் வாய் திறக்க மாட்டார். சாவுச் செய்தி என்றால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் தொடங்குவார்.

செர்வா தண்ணீர் கொடுத்தாள். கேட்கவில்லை.

ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

"இன்னும் ஒரு டம்ளர் வேணும்னாலும் குடிக்கிறேன். ஆத்தையே கொண்டு வந்து வெச்சாலும் சரி" என்றார் மாமா. "கேக்க வேண்டியதக் கேளு, தாயே."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கேட்டால் சொல்லிவிடுவார். சொன்னால் நாள் குறித்துவிடுவார்கள். உடல் இல்லாமலேயே அவள் தம்பி போவாடுவுக்குச் சாவு எடுத்துவிடுவார்கள்.

போவாடு, பாலைவன ஓரத்து ஊரான அகாடெஸ் வழியாகப் பாலைவனத்தைத் தாண்டி லிபியாவுக்குப் போகப் புறப்பட்டு நான்கு வருடமாகிறது. அவனிடமிருந்து கடைசியாக வந்தது ஒரு குரல்பதிவு. முப்பத்தொரு நொடி.

"அக்கா, ஊர் வந்து சேந்துட்டோம். சாப்பிட்டேன். அம்மாட்ட சொல்லிடு."

பாலைவனத்தில் சிக்னல் கிடையாது. பதிவு வந்து சேர்ந்தது என்றால் அவன் ஊர் போய்ச் சேர்ந்தான் என்று அர்த்தம். சேர்ந்தவன் எங்கேயோ இருப்பான். இந்த ஒரு வாதத்தை வைத்துக்கொண்டு நான்கு வருடமாக மொத்தக் குடும்பத்தையும் அவள் வாயடைக்க வைத்திருந்தாள்.

நூற்றுப் பதினெட்டாவது கடிதம் வந்தது. அகாடெஸிலிருந்து, மூசா என்று ஒருவன். அரைகுறை ஆங்கிலம்.

"உங்க ஆட்டத்த என் தம்பி ஆடினான். நான் பக்கத்துல படுத்திருந்தேன். முற்றம் வந்ததும் எழுந்து வெளியே போயிட்டேன். அது காத்து இல்லீங்க. மணல்ல ஓடறதுக்காக டயர்ல காத்தக் கொறச்சுட்டுப் போற வண்டி. கிட்ட இருந்து கெளம்பித் தூரமாப் போகுது. வண்டிக்குள்ள இருக்கறவனுக்கு அது அப்படிக் கேக்காது. எறக்கி விடப்பட்டவனுக்குத்தான் கேக்கும். ஆறு வருஷம் நான் அந்த வழியில கிளீனரா இருந்தேன். இது உங்களுக்கு எப்படிக் கெடச்சுது?"

செர்வா அதை இரண்டு முறை படித்தாள்.

அந்தச் சத்தத்தை அவள் எங்கும் போய்ப் பதிவு செய்யவில்லை. தம்பியின் முப்பத்தொரு நொடியை எடுத்து, குரலைத் தனியாகவும் இரைச்சலைத் தனியாகவும் பிரித்தாள். குரலைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டாள். பேய்களுக்கு நடுவே அதைப் போட மனம் வரவில்லை. மிஞ்சியதை, அவன் போய்ச் சேர்ந்த ஊரின் காற்று என்று நினைத்து, முனையோடு முனை ஒட்டி முற்றத்தில் ஓடவிட்டாள். அவன் நின்ற இடத்தின் காற்றாவது தான் கட்டிய இடத்தில் இருக்கட்டும் என்று.

முப்பத்தொரு நொடிக்கு ஒரு முறை அந்த வண்டி போய்க்கொண்டே இருந்தது.

அவள் வேகமாகத் தட்டினாள். "அது குரல்பதிவில் இருந்தது. பதிவு எனக்கு வந்து சேர்ந்தது. அங்கே சிக்னல் கிடையாதே? ஊருக்குப் போன பிறகுதானே வந்திருக்கும்?"

மூசா எழுதுவதாகத் திரை காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது.

வெளியே யாரோ தெருவில் அவித்த வேர்க்கடலை விற்றுக்கொண்டு போனார்கள். மாமா காலி டம்ளரைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார்.

பதில் வந்தது.

"ஃபோன் ஊருக்கு வந்திருக்கும். எறக்கி விட்ட எடத்துக்கு மூணு நாள் கழிச்சுத் திரும்பிப் போவோம். தண்ணி கொண்டுபோறதுக்கு இல்ல. கெடக்கறத எல்லாம் பொறுக்கிட்டு வர. ஊருக்கு வந்து ஃபோன ஆன் பண்ணுவோம். அப்ப, போகாம நின்ன சில செய்திங்க தானாப் போயிடும். என்ன மன்னிச்சிருங்க."

வண்டி போவதைப் பார்த்துக்கொண்டேதான் அவன் "சாப்பிட்டேன்" என்று சொல்லியிருக்கிறான்.

செர்வா கணினியை மூடினாள். நெடுநேரம் அதன் மேல் கையை வைத்திருந்தாள்.

பிறகு நாற்காலியை மாமா பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"மாமா" என்றாள். "வந்த விஷயம் என்ன?"

ஒபெங் மாமா டம்ளரைக் கீழே வைத்தார். செருப்பிலிருந்து இரண்டு கால்களையும் வெளியே எடுத்து, வெறும் தரையில் ஊன்றினார்.