யோசிக்கிறவர்

"டிராவா? யாரைக் கேட்டு டிரா பண்ணீங்க?"

கேப்டன் பல்லைக் கடித்தார். இந்த ஒரு ஆட்டத்தில் ஜெயித்திருந்தால் அவர்கள் கிளப் செஸ் லீக்கில் மேல் பிரிவுக்கு ஏறியிருக்கும்.

சைக்கிள் கடைக்காரர் எதிர் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதில் இருந்தவரைச் சற்று முன்புதான் தூக்கிக்கொண்டு போனார்கள். ரிட்டையரான பஸ் டிரைவர். கன்னத்தில் கையை முட்டுக் கொடுத்து, போர்டின் மேல் கவிழ்ந்து உட்கார்ந்திருந்தார். யோசிக்கிறார் என்றே மற்றவர்கள் நினைத்தார்கள். யோசிக்கிறவரிடம் யாரும் பேசுவதில்லை.

கடிகாரத்தில் அவர் நேரம் தீர்ந்த பிறகுதான் நடுவர் வந்து தோளைத் தொட்டார். தலை மெல்லச் சரிந்தது. கண்கள் திறந்தே இருந்தன.

மூச்சில்லை என்று தெரிந்து, டாக்டரும் வந்து போன பிறகு நடுவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நேரம் முடிஞ்சதால, விதிப்படி நீங்க ஜெயிச்சுட்டீங்க."

"இல்ல சார். அதுக்கு முன்னாடியே டிரா கேட்டார். நான் சரின்னுட்டேன்."

நடுவர் டிரா என்றே அறிவித்தார்.

கேப்டன் மேலே பேசுவதற்குள் டிரைவரின் மைத்துனர் வந்து சைக்கிள் கடைக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"இந்த சீசன்ல அத்தான் ஒரு ஆட்டம்கூடத் தோக்கலைங்க. தோக்காமலே அனுப்பி வச்சீங்க. நல்லா இருப்பீங்க."

பிடித்த கையை விடுவித்துக்கொள்ள சைக்கிள் கடைக்காரருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மைத்துனர் வெளியே போகும்வரை கேப்டன் பொறுத்திருந்தார். ஹாலில் வேறு யாருமில்லை. காய்கள் ஆட்டம் நின்ற இடத்திலேயே நின்றன. அந்த நாற்காலியை நகர்த்த ஒருவருக்கும் கை வரவில்லை.

"பெரிய மனசுதான், ஒத்துக்கறேன். ஆனா என்கிட்ட கதை விடாதீங்க. இதப் பாருங்க, அவருக்கு ஒரு யானை கூடுதல். ஜெயிக்கற ஆட்டத்துல எவன்யா டிரா கேப்பான்?"

"கேக்கல."

"அப்புறம்?"

சைக்கிள் கடைக்காரர் அந்த நாற்காலியைப் பார்த்தே பேசினார்.

"தண்ணி கேட்டார். அவர் நேரம் ஓடிட்டிருந்துச்சு. நான் காதுல விழாத மாதிரி போர்டையே பார்த்துட்டிருந்தேன்."